மொறிஸ் மைனரில் அம்ப் பூட்டியபின் எஞ்சினோடு சேர்ந்து கூவும் சத்தம்: எர்த் எங்கே கொடுப்பது?

மைனர்64, மானிப்பாய்:

வணக்கம். அப்பா வைத்திருந்த 1964ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000ஐ இப்போது நான்தான் ஓடுகிறேன். வருகிற ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம், பொம்பிளையும் மாப்பிள்ளையும் இந்தக் காரில்தான் வரவேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது, வரும்போது அளவெட்டி தட்சிணாமூர்த்தியின் தவில் ஒலிக்கவேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதற்காகப் போன கிழமை ஒரு செற் (டாஷ்போர்டில் பாட்டுப் போடும் ரேடியோ), சனலுக்கு 50 வாட் தரும் 4 சனல் அம்ப் (ஒலியைப் பெருக்கும் அம்ப்ளிபையர்) ஒன்று, பின் சீற்றுக்குப் பின்னால் தட்டில் ஸ்பீக்கர்கள் எல்லாம் பூட்டினோம்.

எஞ்சின் நிற்கும்போது சத்தம் சுத்தமாக இருக்கிறது. ஸ்ரார்ட் பண்ணியதும் 'ஊய்' என்று ஒரு கூவல், அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது. அதைவிடப் பெரிய கவலை, தவில் உச்சத்துக்குப் போகும் இடத்தில் அம்ப் ஒரு கணம் நின்று திரும்ப வருகிறது. பூட்டியவர் டிக்கிக்குள் பக்கத் தகட்டில் பெயின்ற் மேலேயே ஒரு சின்ன ஸ்குரூ அடித்து எர்த், அதாவது கரண்ட் காரின் போடி வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் இணைப்பு, கொடுத்திருக்கிறார். பற்றரியில் இருந்து வரும் சிவப்பு வயர் விரல் தடிப்பு, எர்த்துக்குப் போகும் கறுப்பு வயர் மட்டும் மெல்லியது, ஒன்றரை மீற்றர் வரும். கேட்டதற்கு, இரைச்சலை வடிகட்டும் பில்டர் ஒன்று வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்.

எனக்கென்றால் எர்த்தில்தான் சந்தேகம். டிக்கித் தரையில் துளைத்து ஒரு தடித்த போல்ற் போடலாமா? பற்றரியைச் சார்ஜ் பண்ணுவது இப்போது பழைய டைனமோ இல்லை, அப்பா பல வருடத்துக்கு முன்பே அதற்குப் பதிலாக ஜப்பான் அல்ரனேற்றர் போட்டுவிட்டார்.

கொக்குவில் கராஜ்:

தம்பி, முதலில் டிறில்லைக் கீழே வையும். மைனரில் பெற்றோல் ராங்க் டிக்கித் தரைக்கு நேர் கீழேதான் இருக்கிறது. மேலிருந்து துளைத்தால் அலகு ராங்குக்குள் போகும். டிக்கிக்குள் எந்த ஓட்டை போடுவதென்றாலும் காருக்குக் கீழே படுத்து, மறுபக்கம் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான்.

அடுத்தது, பற்றரியில் எந்த முனை போடிக்குப் போகிறது என்று மீற்றரால் பாரும். மைனர் தொழிற்சாலையில் இருந்து வந்தபோது பொசிட்டிவ் எர்த், அதாவது + முனைதான் போடியில். அந்தக் கால ஓஸ்ரின், மொறிஸ் பலதும் அப்படித்தான். அல்ரனேற்றர் போட்டவர் மாற்றியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன், மாற்றாமல் சாதாரண அல்ரனேற்றரைக் கொழுவினால் அதன் டையோட் அப்போதே எரிந்திருக்கும். என்றாலும் உம்முடைய கண்ணால் பாரும். இப்போது வருகிற செற், அம்ப் எல்லாம் நெகட்டிவ் எர்த்துக்கு என்றே செய்தவை, செற்றின் உடம்பும் ஏரியல் வயரின் உறையும் நெகட்டிவ். பொசிட்டிவ் எர்த் காரில் ஏரியலைப் போடியில் இறுக்கினாலே ஷோர்ட்தான்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. இன்னும் டைனமோவோடு ஓடுகிறவர்கள் அம்ப் பற்றி யோசிக்கமுதல் கணக்குப் பாருங்கள். லூக்காஸ் சி40 டைனமோ வேகமாகச் சுற்றும்போதே 22 அம்பியர்தான் தரும், மெதுவாக நின்று ஓடும்போது கிட்டத்தட்ட ஒன்றும் தராது. இரவில் ஹெட்லைற் போட்டால் அதில் 8 அம்பியர் அங்கேயே போய்விடும், அதற்குமேல் இக்னிஷன் வேறு.

தூரத்து யாழ்ப்பாணத்தான்:

நான் இங்கே கனடாவில் கார் ஓடியோ பூட்டும் வேலை செய்கிறேன், என்னுடைய முதல் கார் ஊரில் ஒரு பெட்டி லான்சர். உங்களுடைய இரண்டு பிரச்சினைக்கும் காரணம் ஒன்றாக இருக்கத்தான் கூடுதல் வாய்ப்பு.

வயரில் போகிற கரண்ட் முழுவதும் திரும்பி வந்தாகவேண்டும். சிவப்பு வயர் எவ்வளவு தடிப்போ கறுப்பும் அவ்வளவு தடிப்பாக இருக்கவேண்டும், முடிந்தால் அரை மீற்றருக்குள் முடியவேண்டும். உங்களுடைய அம்ப் முழு வேகத்தில் 200 வாட் கொடுக்கிறது என்றால், பழைய வகை ஏபி கிளாஸ் அம்ப் கிட்டத்தட்ட 330 வாட் உள்ளே இழுக்கும், அது 24 அம்பியர். பாட்டில் சராசரி அதைவிடக் குறைவுதான், ஆனால் தவிலில் ஒரு அடி விழும்போது அந்த ஒரு கணத்துக்கு முழுவதும் தேவைப்படும். அந்தக் கணத்தில் எர்த்தில் 0.04 ஓம் தடை இருந்தாலே, 20 அம்பியருக்கு 0.8 வோல்ட் அங்கே போய்விடும். அம்புக்குக் கிடைக்கிற வோல்ட் விழுந்தால் அது தன்னைக் காப்பாற்ற நின்றுவிடும்.

கூவலும் அங்கிருந்துதான் வருகிறது. செற் டாஷ்போர்டில் ஒரு இடத்தில் எர்த் ஆகிறது, அம்ப் டிக்கியில் இன்னொரு இடத்தில். இரண்டு இடத்துக்கும் இடையில் வோல்ட் வித்தியாசம் இருந்தால், செற்றில் இருந்து அம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயரின் வெளிக்கம்பி வழியாகக் கரண்ட் ஓடத் தொடங்கும், அல்ரனேற்றரின் அலை அதில் ஏறிப் பாட்டோடு கலந்துவிடும். பில்டர் போட்டால் கூவல் கொஞ்சம் அமுங்கலாம், எர்த் அப்படியேதான் இருக்கும், தவில் உச்சத்தில் அம்ப் நின்று நின்று வருவதும் மாறாது.

ஓம் மீற்றரை நம்பி இருக்கவேண்டாம். மலிவு மீற்றரின் இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.3, 0.4 ஓம் காட்டும், நாங்கள் தேடுவது அதில் பத்தில் ஒன்று. இப்படிச் செய்யுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, பாட்டைச் சத்தமாகப் போட்டு, மீற்றரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவ் கட்டையிலேயே வையுங்கள், கிளிப்பில் வேண்டாம். மற்ற முனையை அம்பின் எர்த் ஸ்குரூவில். 0.1 வோல்ட்டுக்குள் நின்றால் எர்த் நல்லது. கூட இருந்தால் அம்ப் முனையில் இருந்து பற்றரி வரைக்கும் ஒவ்வொரு பொருத்தாகத் தொட்டுக்கொண்டு வாருங்கள், எந்த இடத்தில் எண் துள்ளுகிறதோ அங்கேதான் வருத்தம்.

மைனர்64:

அண்ணை, இரண்டு பேருக்கும் நன்றி. பற்றரியைப் பார்த்தேன், நெகட்டிவ்தான் போடியில். சொன்ன மாதிரியே அளந்தும் பார்த்தேன். பற்றரிக் கட்டையில் இருந்து அம்பின் எர்த் ஸ்குரூவுக்கு 0.9 வோல்ட் வரை போகிறது! டிக்கித் தகட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் வைத்தால் 0.55. அப்படியென்றால் வயரிலும் ஸ்குரூவிலும் போவது 0.35தானே, மிச்சம் எங்கே? அது முன்பக்கம் அல்லவா? எனக்கு இது புதிராக இருக்கிறது, அம்ப் பூட்டியவர் முன்பக்கத்தைத் தொடவே இல்லை.

பழைய ஓட்டுநர், பருத்தித்துறை:

தம்பி, அம்ப் பூட்டியவர் தொடவில்லை என்பது சரி, கடற்காற்று தொட்டிருக்கும். 60 வருடக் காரில் பற்றரியில் இருந்து போடிக்கு வரும் எர்த் வயர் ஒரு போல்ற்றில்தான் நிற்கிறது, அந்தப் போல்ற்றைக் கழற்றிப் பாரும். மேலே பார்க்க நல்லாயிருக்கும், வயர் நுனியில் இருக்கும் கண்ணியின் அடியில் கறள் பொருக்குப் பொருக்காக இருக்கும்.

இன்னொன்று எல்லோரும் மறப்பது. எஞ்சின் ரப்பர் மவுண்டில் இருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் எஞ்சின் பக்கத்தில் இருந்து போடிக்குப் பின்னல் பட்டி ஒன்று வரும். அது அறுந்தாலும் கார் ஸ்ரார்ட் ஆகும், எப்படி என்றால் ஸ்ராட்டரின் கரண்ட் சோக் கேபிள், அக்சிலேற்றர் கேபிள் வழியாகத் திரும்பும். ஒருமுறை காங்கேசன்துறை வீதியில் ஒரு ஓஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் சோக் கேபிள் புகைய நின்றது, சாரதி காபரேற்றர் எரிகிறது என்று தண்ணீர் தேடி ஓடினார். பட்டியை மாற்றிய பிறகு அந்தக் கார் எத்தனையோ வருடம் ஓடியது. உமது அல்ரனேற்றரின் எர்த்தும் எஞ்சின் உடம்புதான், அதனால் பட்டி சரியில்லை என்றால் அதன் முழுக் கரண்டும் வழி தேடி அலையும். ஸ்ராட்டர் அடிக்கும்போது எஞ்சின் புளொக்குக்கும் பற்றரி நெகட்டிவ் கட்டைக்கும் இடையில் எத்தனை வோல்ட் என்று பாரும். அரை வோல்ட்டுக்கு மேல் போனால் எனக்குப் பிடிக்காது.

இந்தக் கார்களை நாங்கள் 90களில், போர்க்காலத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோது, மண்ணெண்ணெயில் ஓடியவர்கள். காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய். பற்றரியும் கிடையாது, மின்சாரமும் கிடையாது, செய்தி கேட்க சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்போம். டைனமோ வயரை வெறும் இரும்பில் வடிவாகச் சுற்றாவிட்டால் ரேடியோ கரகரக்கும், பெயின்றைச் சுரண்டினால்தான் குரல் தெளியும். எர்த் என்றால் என்ன என்று நான் படித்தது அங்கேதான்.

நெல்லியடி சவுண்ட்:

ஏன் இவ்வளவு கஷ்டம்? பற்றரி நெகட்டிவில் இருந்து டிக்கிக்கு நேராக ஒரு தடித்த கறுப்பு வயர் இழுத்துவிட்டால் போடியைப் பற்றிக் கவலையே இல்லை. நான் பழைய வாகனங்களுக்கு அப்படித்தான் செய்கிறேன்.

தூரத்து யாழ்ப்பாணத்தான்:

சில கார்களுக்கு அது சரிதான். தரை உக்கி, புதுத் தகட்டை ரிவெற் அடித்து மேலே புற்றி பூசிய காரில் போடியை நம்ப ஏலாது. புற்றியில் கரண்ட் போகாது, அந்த மாதிரிக் காருக்கு நானும் நேர் வயர் இழுப்பேன். ஆனால் பற்றரியில் இருந்து போடிக்கு வரும் எர்த்தைச் சரி செய்யாமல் நேர் வயர் மட்டும் இழுப்பது ஆபத்து. யோசித்துப் பாருங்கள், அந்த எர்த் ஒருநாள் முற்றாக விட்டால், ஸ்ராட்டர் அடிக்கும்போது கரண்ட் போடி, செற்றின் உடம்பு, ஆர்சிஏ வெளிக்கம்பி, அம்ப் என்று சுற்றி இந்தக் கறுப்பு வயரில்தான் பற்றரிக்கு வரும். ஸ்ராட்டர் நூறு அம்பியருக்கு மேல் இழுக்கும். தலைமயிர் போன்ற ஆர்சிஏ கம்பி என்னவாகும்? செற்றும் சேர்ந்து போகும். ஆகவே முதலில் முன்பக்கம், பிறகுதான் மற்றதெல்லாம்.

இந்தக் காருக்கு டிக்கிக்குள் போடியோடு சேர்த்து வெல்ட் பண்ணிய தடித்த மடிப்பு ஒன்றைப் பிடியுங்கள். வயர் பிரஷ்ஷால் வெள்ளி மாதிரி மின்னும்வரை உரஞ்சி, கண்ணி, பல்லுள்ள வாஷர், போல்ற், மறுபக்கம் நட் என்று இறுக்குங்கள். தகட்டு ஸ்குரூ வேண்டாம், ஒன்றிரண்டு புரிதான் பிடிக்கும், ஆட்டத்தில் தளரும். பிற்காலத்தில் யாராவது சீற் பெல்ற் பூட்டியிருந்தால் அந்தப் போல்ற்றையும் தொடவேண்டாம், அது உயிருக்கு. இறுக்கி முடிந்த பிறகு மேலே கிரீஸ் அல்லது பெயின்ற் பூசுங்கள், நம்முடைய ஊர்க் காற்றுக்கு வெறும் இரும்பு ஒரு மாரியைத் தாங்காது.

வயர் வாங்கும்போது நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் செப்பு பூசிய அலுமினியம், நல்ல செப்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குதான் கடத்தும், அதிலும் மேலுறை தடிப்பாக இருந்து ஆளை ஏமாற்றும். நல்லது கிடைக்காவிட்டால் வெல்டிங் கேபிள் வாங்குங்கள், மெல்லிய செப்பு நூல் நிறைய இருக்கும், நன்றாக வளையும்.

மைனர்64:

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதுதான் வேலை. முதலில் பற்றரி வயர்களைக் கழற்றிவிட்டுத் தொடங்கினேன். பருத்தித்துறை ஐயா சொன்னது அச்சொட்டாகச் சரி. போடிப் போல்ற்றைக் கழற்றினால் கண்ணிக்கு அடியில் மண்ணிறப் பொடி, போல்ற்றின் புரியே பாதி இல்லை. பின்னல் பட்டியில் கால்வாசிக் கம்பிதான் மிச்சம், தொட்ட இடம் உதிர்ந்தது. ஸ்ராட்டர் அடிக்கும்போது எஞ்சினுக்கும் பற்றரிக்கும் 1.1 வோல்ட் இருந்தது, மாற்றியபின் 0.2. இத்தனை வருடமும் காலையில் ஸ்ராட்டர் இழுத்து இழுத்துச் சுற்றியதற்குப் பற்றரியைக் குறை சொல்லி இரண்டு பற்றரி மாற்றியிருக்கிறோம்.

ஸ்ரான்லி வீதியில் 16 சதுர மில்லிமீற்றர் வெல்டிங் கேபிள் வாங்கினேன். பற்றரியில் இருந்து போடிக்கு ஒன்று, எஞ்சினில் இருந்து போடிக்கு ஒன்று, அம்புக்கு 40 சென்ரிமீற்றரில் ஒன்று. கீழே படுத்துப் பார்த்து, ராங்குக்குத் தள்ளிப் பக்கத்து மடிப்பில்தான் போல்ற் போட்டேன். இப்போது அதே பாட்டுக்கு, அதே சத்தத்துக்கு 0.06 வோல்ட். அம்ப் ஒருமுறைகூட நிற்கவில்லை. அப்பா பின் சீற்றில் கண்ணை மூடிக்கொண்டு முழுத் தனி ஆவர்த்தனத்தையும் கேட்டார், முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் எழும்பவில்லை.

கூவல் முக்கால்வாசி போய்விட்டது, பாட்டு இல்லாத இடத்தில் மட்டும் மெல்லியதாகக் கேட்கிறது. ஆர்சிஏயும் சிவப்பு வயரும் ஒரே பக்கத்தில், கால் மிதிக்கும் விரிப்புக்கு அடியில் சேர்ந்துதான் வருகிறது. அதுவாக இருக்குமா? பியூஸும் கேட்கவேண்டும், இப்போது அம்புக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கொக்குவில் கராஜ்:

அதுவேதான். ஆர்சிஏயை மற்றப் பக்கத்தால் எடும், குறுக்கே போகவேண்டிய இடத்தில் நேர்க்குறுக்காகப் போகவிடும். செற்றின் எர்த்தையும் பழைய டாஷ்போர்ட் கொத்து வயரில் விடாமல், தனி வயராகப் பற்றரி எர்த் வருகிற அந்தப் புதுப் போல்ற்றுக்கே கொண்டு போம்.

பியூஸை நாளைக்கே மாற்றும். அது காப்பாற்றுவது வயரை, அம்பை அல்ல, ஆகவே பற்றரிக்கு 45 சென்ரிமீற்றருக்குள் இருக்கவேண்டும். உம்முடைய அம்பில் 20 அம்பியர் பியூஸ் இரண்டு இருந்தால் முன்னுக்கு 40 போதும். எஞ்சினுக்கும் காரின் உட்பக்கத்துக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டை வயர் கடக்கும் ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாரும். இல்லாவிட்டால் கராஜ் பக்கம் வாரும், பழையது ஒரு பெட்டி நிறையக் கிடக்கிறது.