இரண்டாம் சுழற்சிக்குப் பிந்தைய பெட் ஸ்கேன்: டோவில் 3 என்றால் ஒரு மருந்தை நிறுத்தலாமா?

கேள்வி (நோயாளியின் அண்ணன்)

என் தங்கைக்கு மூன்றாம் நிலை ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா (ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்). ஏபிவிடி என்னும் நான்கு மருந்துக் கீமோ இரண்டு சுழற்சி முடிந்ததும் எடுத்த பெட்-சிடி அறிக்கையில் 'டோவில் 3' என்று உள்ளது. இனி அதிலுள்ள ப்ளியோமைசின் வேண்டாம் என்கிறார் மருத்துவர். கழுத்துக் கட்டி இன்னும் முழுவதும் கரையாத நிலையில், ஒரு ஸ்கேனை நம்பி நான்கில் ஒரு மருந்தை விடுவது சரியா?

மறுமொழி (அணு மருத்துவ மருத்துவர்)

பெட் ஸ்கேன் பார்ப்பது கட்டியின் பருமனை அல்ல, அது குளுக்கோஸை எவ்வளவு ஈர்க்கிறது என்பதை. ஹாட்ஜ்கின் கட்டியில் புற்றுச் செல்கள் சிறுபான்மையே. அவை அழிந்த பின்னும் எஞ்சும் நார்த்திசு கைக்குத் தட்டுப்படும், சிடியிலும் தெரியும். பிரான்சின் டோவில் நகரில் 2009இல் கூடிய வல்லுநர்கள் வகுத்த ஐந்து படி அளவுகோலில், எஞ்சிய ஈர்ப்பு நெஞ்சின் பெரிய இரத்தக்குழாய்களைவிட மிகுந்து, கல்லீரலைத் தாண்டாமல் இருந்தால் 3; கல்லீரலைத் தாண்டினால்தான் 4.

இந்த இடைநிலை ஸ்கேனுக்கு மதிப்பு வரக் காரணம், முற்றிய நிலை நோயாளிகள் 260 பேரைத் தொடர்ந்து 2007இல் வெளியான இத்தாலிய-டேனிஷ் ஆய்வு. ஸ்கேன் தெளிவாக இருந்தவர்களில் 95 சதவீதத்தினர் இரண்டு ஆண்டுகள் நோய் முன்னேறாமல் இருந்தனர். தெளியாதவர்களில் ஏறத்தாழ 13 சதவீதத்தினரே அப்படி இருந்தனர். பின்னர் 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், டோவில் 1 முதல் 3 வரை பெற்றவர்களுள் ஒரு பிரிவுக்கு ப்ளியோமைசின் நிறுத்தப்பட்டது. மூன்றாண்டு முடிவில் நோய் முன்னேறாதவர்கள் தொடர்ந்த பிரிவில் 85.7, நிறுத்திய பிரிவில் 84.4 சதவீதம். நிறுத்துவது தொடர்வதைவிடத் தாழ்ந்ததல்ல எனக் காட்ட முன்கூட்டி வகுத்த புள்ளியியல் எல்லையை இந்த முடிவு மயிரிழையில் தவறவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும் ப்ளியோமைசினால் வரும் நுரையீரல் பாதிப்பு குறைந்ததால், உங்கள் மருத்துவரின் முடிவு நியாயமானது என்பதே என் கருத்து.

மறுமொழி (மற்றொரு வாசகர்)

என் தாயாருக்கு டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் வகை லிம்ஃபோமா. இடையில் எடுத்த ஸ்கேனில் டோவில் 4 வந்தும், ஆர்-சாப் என்னும் கூட்டுமருந்துச் சிகிச்சையை மாற்றவில்லை. இறுதி ஸ்கேன் தெளிவாகவே வந்தது. அப்படியானால் இடைநிலை ஸ்கேனை எப்படி நம்புவது?

மறுமொழி (அணு மருத்துவ மருத்துவர்)

அம்மாவின் நோய் வேறு என்பதால் அதே எண்ணுக்கு அதே எடை கிடையாது. இவ்வகையில் சிகிச்சையால் எழும் அழற்சியும் ஒளிரக்கூடும். ஜெர்மனியில் நடந்த பெட்டல் ஆய்வில், ஈர்ப்பு போதிய அளவு குறையாதவர்களுக்குக் கடுமையான மருந்து முறைக்கு மாறியும் பலன் கூடவில்லை, நச்சுத்தன்மைதான் கூடியது. எனவே இங்கு கவனம் சிகிச்சைக்கு முந்தைய முதல் ஸ்கேனுக்குத் திரும்பியுள்ளது: உடலில் உள்ள நோயின் மொத்தக் கனஅளவு, வயது, நிலை மூன்றையும் சேர்த்துக் கணிக்கும் குறியீடு 2022இல் வெளியானது. ஆனால் எந்த ஈர்ப்பளவுக்கு மேல் கட்டி எனக் கணக்கிடுவது என்பதைப் பொறுத்தே கனஅளவு மாறிவிடும்.

நம் நாட்டில் காசநோய் நெறிக்கட்டும் இதே போல் ஒளிரும். ஆகவே புதிதாக ஓர் இடம் தெரிந்தால், மருந்தை மாற்றும் முன் திசுப் பரிசோதனை தேவை.

மறுமொழி (நோயாளியின் அண்ணன்)

நன்றி, டாக்டர். இறுதி ஸ்கேனைக் கீமோ முடிந்த உடனே எடுக்கலாமா?

மறுமொழி (அணு மருத்துவ மருத்துவர்)

வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எடுங்கள். இயன்றவரை அதே இயந்திரத்தில், பழைய படங்களையும் கையோடு கொண்டுசென்று.