சிபிஆர் 250ஆர்: மலைநாட்டில் யாரும் மதிக்காத நல்ல பைக்

ஊவாக்காரன் (பண்டாரவளை)

ஹொண்டா சிபிஆர் 250ஆர் என்றால் நம்ம பக்கத்தில் இரண்டு பேச்சுதான். பார்க்கத்தான் ரேஸ் பைக், ஓட்டினால் ஒன்றுமில்லை என்பார்கள். இல்லாவிட்டால் மலைக்கு அது சரிவராது, பேசாமல் கரடுமுரடான பாதைக்குச் செய்த ட்ரெயில் பைக் எடு என்பார்கள். இரண்டுமே தப்பு என்பது என் கட்சி. பல வருஷமாக வேலைக்கும் ஊர் சுற்றவும் என்னிடம் இருப்பது இந்த ஒன்றுதான்.

2011இல் வந்த பைக். 249 சிசி, ஒற்றை சிலிண்டர், தண்ணீரில் குளிரும் எஞ்சின், 6 கியர், 26 குதிரைவலு அளவில். முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஹொண்டா விட்ட பெரிய விஎஃப்ஆர் 1200எஃப்பின் சாயல் தெரியும். விஎஃப்ஆர் ரேஸுக்குச் செய்ததல்ல, நாள் முழுக்க ஓடுகிறவர்களுக்கான ஸ்போர்ட் டூரர். சின்னதுக்கும் அதே குணம். கைப்பிடிகள் ஃபோர்க்கின் மேல் பிளேட்டுக்கு மேலே நிற்கின்றன, அதனால் மணிக்கட்டில் பாரம் விழாது. இருக்கை உயரம் 785 மி.மீ., நம்ம ஆட்களுக்கு இரண்டு காலும் தரையில் படும்.

ரேஸ் பைக் என்று நினைத்து வாங்கியவன் கொஞ்ச நாளில் விற்றுவிடுகிறான். ட்ரெயில் தேடுகிறவன் திரும்பியும் பார்ப்பதில்லை. இதன் அருமை தெரியாமல் போவதற்கு அதுதான் காரணம்.

பண்டாரவளையில் வெயிலில் கிளம்பினால் வெலிமடை தாண்டி ஹக்கலை ஏறும்போது தூறல் பிடிக்கும். நுவரெலியாவில் நல்ல மழை. லபுக்கலை இறங்கும்போது பனிமூட்டம், இறம்பொடைக்குக் கீழே போனால் மறுபடியும் சூடு. அரை நாளுக்குள் இத்தனையும். ஃபேரிங், அதாவது முன்னால் காற்றை மறைக்கிற பிளாஸ்டிக் உறை, இல்லாத பைக்கில் நுவரெலியாவுக்குள் போகும்போதே நெஞ்சுக்குள் குளிர் இறங்கிவிடும். சிபிஆரில் தோளும் முழங்காலும் நனையும், நெஞ்சும் வயிறும் காய்ந்தே இருக்கும். கம்பளையில் இறங்கியதும் போன வேலையைப் பார்க்க உடம்பில் தெம்பு இருக்கும்.

லபுக்கலை இறக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் கியரில் த்ரொட்டிலை மூடினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. கொண்டை ஊசி முடக்கு வரும்போது இரண்டுக்குத் தட்டி, முடக்கின் நடுவில் த்ரொட்டிலை நூலளவு திறந்தால் பைக் தானாக நிமிர்ந்து வெளியே வரும். அடுத்த முடக்குக்கும் அதே தாளம். அந்த வேகம் 40ஐத் தாண்டாது. ஆனால் அந்த 40இல் இருக்கும் சுகத்தை நேர் ரோட்டில் 100 போனாலும் நான் கண்டதில்லை.


மஸ்கெலியா பாஜா

அண்ணே, நீங்கள் சொன்ன ரோடெல்லாம் காபட் ரோடு. நுவரெலியா வழியாகப் போகிற ஏ5 மெயின் ரோடு மட்டும்தான் மலைநாடா?

நான் வேலை செய்கிற தோட்டத்தில் மெயின் ரோட்டிலிருந்து மேல் டிவிஷனுக்குப் போகிற பாதை வெள்ளைக்காரன் காலத்துக் கல் பாதை. மழைக்காலத்தில் தண்ணீர் அரித்து, நடுவில் கால் முட்டி ஆழத்துக்கு வாய்க்கால் ஓடும். சிபிஆருக்கு அடிவயிற்று இடைவெளி 145 மி.மீ.தானே? முதல் திருப்பத்திலேயே எக்ஸோஸ்ட் கல்லில் இடிக்கும். என் பாஜா, ஹொண்டா எக்ஸ்எல்ஆர் 250, முன் சில்லு 21 அங்குலம். வாய்க்காலில் இறங்கி ஏறிப் போய்க்கொண்டே இருக்கும். விழுந்தால் தூக்கி நிறுத்திவிட்டுப் போகலாம். உங்கள் பைக் நின்ற இடத்தில் சாய்ந்தாலே ஃபேரிங் உடையும்.

நம்ம சனம் இருப்பது மெயின் ரோட்டு ஓரத்தில் இல்லை. லயத்து வாசல் வரைக்கும் போகாத பைக்கை மலைநாட்டுக்கு நல்ல பைக் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ராத்திரியில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வருகிற பைக்தான் எங்களுக்கு நல்ல பைக்.


ஊவாக்காரன்

தம்பி, கல் பாதைக்கு பாஜாதான். அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எல்லாருடைய பாதையும் மேல் டிவிஷனில் முடிவதில்லையே. என்னைப்போல டவுனுக்கு டவுன் ஓடுகிறவர்கள், கொழும்பில் வேலை செய்து லீவுக்கு ஹற்றனுக்கும் பதுளைக்கும் வருகிறவர்கள் எத்தனை பேர்! அதிவேக வீதியில் மோட்டார் சைக்கிளை விடுவதில்லை. அதனால் அவர்களுக்குக் கினிகத்தேனை, கடுகண்ணாவை, இரத்தினபுரி என்று பழைய ரோடுதான் வழி. அத்தனை மணி நேரம் பாஜாவில் நிமிர்ந்து உட்கார்ந்து காற்றை நெஞ்சில் வாங்கிப் பாருங்கள். இன்னொன்று, பஞ்சர். எனக்கு டியூப்லெஸ் டயர். ஆணி குத்தினாலும் மெல்ல உருட்டிக்கொண்டு அடுத்த டவுனுக்குப் போய்விடலாம். கம்பிச் சில்லில் டியூப் போனால் இருட்டில் ரோட்டோரம் சில்லைக் கழற்ற வேண்டியதுதான்.


ரெட்டை சிலிண்டர் (கண்டி)

காபட் ரோட்டுக்குத்தான் என்றால் அப்புறம் ஏன் ஒற்றை சிலிண்டர்? கவசாகி நிஞ்ஜா 250ஆர் எடுத்திருக்கலாமே. அதே 250 சிசி, ஆனால் இரண்டு சிலிண்டர். எஞ்சின் நிமிஷத்துக்கு 11,000 சுற்று சுற்றும்போது உச்ச சக்தி வருகிறது. கடுகண்ணாவை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் அது கத்திக்கொண்டு ஏறுகிற சத்தத்துக்கே வாங்கலாம். டாங்கியும் பெரிசு, 17 லீற்றர் அளவில். சிபிஆரில் 13தான். தூரப் பயணம் என்று பேசுகிறவர் டாங்கியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கைப்பிடியில் அதிர்வும் குறைவு. ஒற்றை சிலிண்டரில் நாள் முழுக்க ஓட்டிவிட்டு விரல் மரத்துப்போகவில்லை என்றால் நான் நம்பமாட்டேன்.


ஊவாக்காரன்

மலை ரோட்டில் 11,000 சுற்றுக்கு எப்போது போவீர்கள்? முன்னால் கொழுந்து லொறி, பின்னால் பஸ், பக்கத்தில் மண்மேடு. சிபிஆருக்கு இழுவையின் உச்சம் 7,000 சுற்றில், அதற்கும் வெகு கீழேயே நன்றாக இழுக்கிறது. லொறிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்துவிட்டு, இடம் கிடைத்த அந்த இரண்டு விநாடியில் கியர் மாற்றாமலே தாண்டலாம். நிஞ்ஜாவில் முதலில் இரண்டு கியர் கீழே தட்டவேண்டும், அதற்குள் எதிரே வண்டி வந்துவிடும். நம்ம ரோட்டில் சக்தி கீழே கிடைக்க வேண்டும்.

டாங்கி சின்னதுதான். ஆனால் எனக்கு லீற்றருக்கு 30 கிலோமீற்றரை ஒட்டிக் கிடைக்கிறது. பண்டாரவளையிலிருந்து கொழும்புக்கு நடுவில் பெற்றோல் ஷெட்டைத் தேடாமல் போகலாம். அதிர்வு கொஞ்சம் உண்டு, விரல் மரத்ததில்லை. அப்புறம் உயரத்தையும் கணக்கில் எடுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர். காற்று அடர்த்தி குறைந்த இடத்தில் கார்பரேட்டர் பைக் திணறும், இது திணறாது. எரிபொருளைக் கணக்குப் பார்த்து ஊற்றுகிற இன்ஜெக்‌ஷன் இதில் இருக்கிறது.


கராஜ் தம்பி (ஹற்றன்)

அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் கராஜுக்கு வருகிற நிறையப் பேர் இதைப் பாதிதான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். நுவரெலியா உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு அளவு குறைவு. காற்று குறைந்தால் எந்த எஞ்சினுக்கும் சக்தி குறையும், இன்ஜெக்‌ஷன் இருந்தாலும்தான். இன்ஜெக்‌ஷன் செய்வது காற்றுக்கு ஏற்றபடி பெற்றோலைக் குறைத்துக் கலவையைச் சரியாக வைப்பது. கார்பரேட்டரில் அது நடக்காது, பெற்றோல் கூடிப்போய் பிளக் கறுக்கும், காலையில் ஸ்டார்ட் பண்ணக் கஷ்டம். பாஜா அண்ணே, உங்கள் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்.

வேலை செய்கிறவன் பக்கமிருந்து சொன்னால், சிபிஆர் எஞ்சினை நான் விரும்புகிறேன். வால்வ் இடைவெளி சரிபார்க்கும்போது கேம்ஷாஃப்டைக் கழற்றாமலே வால்வை அழுத்துகிற ராக்கரை நகர்த்தி, இடைவெளியைச் சரிசெய்கிற ஷிம் என்ற சின்னத் தட்டை மாற்றலாம், அப்படி யோசித்துச் செய்திருக்கிறார்கள். எனக்குப் பிடிக்காதது அந்த ஃபேரிங். சின்ன வேலைக்கும் அதைக் கழற்றவேண்டும், கிளிப் ஒன்று உடைந்தால் பிறகு ஓட்டம் முழுக்கச் சடசடவென்று சத்தம். ஃபேரிங் துண்டுக்கு ஹற்றனில் வழியில்லை, கொழும்பு பஞ்சிகாவத்தைக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும். இறக்குமதி நின்றிருந்த வருஷங்களில் ஒரு பக்கத் துண்டுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. ரேடியேட்டரும் அப்படித்தான். தோட்டத்துச் சேறு இடுக்கில் காய்ந்து பிடித்தால் மெல்லிய தண்ணீரில் பின்பக்கமிருந்து கழுவ வேண்டும். பிரஷர் கன் பிடித்தால் இதழ் எல்லாம் மடங்கிவிடும்.


வெலிமடை டீச்சர்

எல்லாரும் முன்னால் உட்கார்ந்துகொண்டு பேசுகிறீர்கள். பின்னால் உட்காருகிறவளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

எங்கள் வீட்டிலும் இந்த பைக்தான், அவருடையது. பின் இருக்கை முன் இருக்கையைவிட உயரம். ஓட்டுகிறவரின் தலைக்கு மேலால் வருகிற காற்றும் மழையும் நேராக என் முகத்துக்குத்தான். ஃபேரிங் அவருக்கு மட்டும்தான் குடை. சேலை கட்டிப் பள்ளிக்கூடம் போகும்போது பக்கவாட்டில் உட்கார அந்த இருக்கையில் இடமே போதாது, கால் வைக்கவும் வசதியில்லை. கட்டாயத்துக்கு உட்கார்ந்தாலும் ஒவ்வொரு முடக்கிலும் சறுக்கிவிடுவேனோ என்ற பயம். அதனால்தான் நான் டியோ ஸ்கூட்டர் வாங்கினேன். காய்கறிப் பையும் பிள்ளையின் புத்தகப் பையும் காலடியில் வைத்துக்கொண்டு போகிறேன்.

2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தபோது எங்கள் வீட்டில் ஓடியது டியோ. சிபிஆர் போர்வைக்குள் தூங்கியது. உங்கள் சுகத்தைக் குறை சொல்லவில்லை அண்ணா. ஆனால் அது ஒரு ஆளுக்கான சுகம் என்பதையும் எழுதுங்கள்.


ஊவாக்காரன்

டீச்சர், சேலைக்கு அந்த இருக்கை பொருந்தாது, உண்மை. வீட்டில் ஒரே ஒரு வண்டிதான் இருக்கமுடியும் என்றால் இதை வாங்கச் சொல்லமாட்டேன். ஆனால் காற்சட்டை போட்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால் கதை வேறு. பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கிறது. என் தங்கை பதுளை வரைக்கும் பின்னால் வருவாள், இறங்கி நின்று ஒருநாளும் இடுப்பைப் பிடித்ததில்லை.

டியோவை விடவேண்டாம். ஆனால் நானுஓயா ரதல்லைக் குறுக்கு ரோட்டில் டியோவில் இறங்குவதை மட்டும் யோசியுங்கள். கியர் இல்லாத வண்டியில் எஞ்சின் பிடிமானம் குறைவு, இறக்கம் முழுக்க பிரேக்கே தாங்கவேண்டும், அது சூடேறினால் பிடி தளரும். 2023 ஜனவரியில் 7 உயிர் போன இறக்கம் அது.


மஸ்கெலியா பாஜா

பிரேக் பேச்சு வந்ததால் கேட்கிறேன். உங்களுடையது சி-ஏபிஎஸ்தானே, இறுக்கிப் பிடித்தாலும் சில்லு பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற பிரேக்? பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். காபட்டில் அது நல்லது. சரளைக்கல் இறக்கத்தில் நான் பின் சில்லை மட்டும் வழுக்கவிட்டுத் திருப்பவேண்டும், அங்கே முன் சில்லைத் தொட்டாலே ஆள் கீழே. அந்த ஏபிஎஸ்ஸை நிறுத்தி வைக்க சுவிட்சும் இல்லை. நல்லது செய்கிறேன் என்று ரைடரின் காலைக் கட்டிப்போடுகிற பைக் எனக்கு வேண்டாம்.


ஊவாக்காரன்

சரளையில் நீங்கள் சொல்வது சரி. மழை நாளில் ஹப்புத்தளையிலிருந்து பெரகலை இறங்கிப் பாருங்கள். யூக்கலிப்டஸ் இலை நனைந்து ரோட்டோடு ஒட்டிக் கிடக்கும், பனிமூட்டத்தில் அது கண்ணுக்கும் தெரியாது. திடீரென்று நாய் குறுக்கே வந்து இறுக்கிப் பிடித்தேன். லீவர் விரலுக்குள் படபடவென்று துடித்தது, பைக் நேராக நின்றது. அந்தத் துடிப்பு எனக்கு இன்றைக்கும் விரலில் நினைவிருக்கிறது. மூட்டம் மூடிய ரோட்டில் வாரத்துக்குப் பல தடவை ஓடுகிறவனுக்கு இதைவிடப் பெரிய சுகம் வேறென்ன?


ரெட்டை சிலிண்டர் (கண்டி)

ஹப்புத்தளை என்றதும் ஞாபகம் வருகிறது. ஜூலைக் காற்று அந்தக் கணவாயில் பக்கவாட்டில் அடிக்கும்போது ஃபேரிங் பைக் பாய்மரம் மாதிரி தள்ளாடும். என் நிஞ்ஜாவையே ஒரு பக்கம் தள்ளியிருக்கிறது. அதைச் சொல்லாமல் ஃபேரிங் புகழ் பாடக்கூடாது.


கராஜ் தம்பி (ஹற்றன்)

தள்ளும், மறுக்கமுடியாது. டயரில் காற்று குறைந்திருந்தால் இன்னும் மோசம். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல், முழங்காலால் டாங்கியைக் கவ்விக்கொண்டு முன்னால் கொஞ்சம் குனிந்தால் பாதி சரியாகும். சிபிஆர் 160 கிலோவுக்கு மேலான பைக், அவ்வளவு லேசில் பறக்காது.

யாராவது கைமாறிய சிபிஆர் பார்க்கப் போனால் இதைச் செய்யுங்கள். முன் சில்லைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் குழியில் விழுவதுபோல் நின்றால் ஸ்டியரிங் பேரிங் போய்விட்டது. நம்ம ரோட்டில் எந்த பைக்குக்கும் அது போகும், ஆனால் விலை பேசும்போது கழித்துக்கொள்ள வேண்டும். கூலன்ட் டாங்கியைத் திறந்து வெறும் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். சில பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், உள்ளே துரு ஏறியிருக்கும். ஃபேரிங் உட்பக்கத்தில் பிளாஸ்டிக் ஒட்டு இருந்தால் பைக் எங்கேயோ படுத்திருக்கிறது.

பாஜா அண்ணே, உங்கள் கார்பரேட்டருக்குப் பெற்றோலைக் குறைத்து விடுகிற சின்ன மெயின் ஜெட் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஹற்றன் பக்கம் வரும்போது கொண்டுவாருங்கள், போட்டுத் தருகிறேன்.


மஸ்கெலியா பாஜா

சனிக்கிழமை வருகிறேன் தம்பி. ஊவாக்கார அண்ணே, நீங்களும் வந்தால் மேல் டிவிஷன் வரைக்கும் என் பின்னால் உட்கார்ந்து ஒரு தடவை ஏறிப் பாருங்கள். உங்கள் பைக்கைத் தொழிற்சாலை முற்றத்தில் நிறுத்தலாம், வாட்சர் பார்த்துக்கொள்வார்.


ஊவாக்காரன்

வருகிறேன். திரும்பும்போது நோர்வூட் வரைக்கும் நீங்கள் சிபிஆரை ஓட்டவேண்டும், மழை பெய்தால் இன்னும் நல்லது.