பொருள்: மறுமொழி: பாய்ம திட்டு மாதிரி – ‘திட்டு’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

பதினோராம் வகுப்புக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. செல் சவ்வுப் பாடத்தில் இந்த ஒரு சொல்தான் பாக்கி. செல்லின் மேலுறையான சவ்வு, பாய்மம்போல (திரவம்போல ஓடும்) கொழுப்பில் புரதங்கள் பதிந்த படலம் என்று சிங்கரும் நிக்கல்சனும் 1972இல் முன்வைத்த ஃபுளூயிட் மொசைக் மாதிரியைப் பாடநூல் ‘பாய்ம திட்டு மாதிரி’ என்கிறது.

> மரம்+கிளை மரக்கிளை என்றால், பாய்மம்+திட்டு பாய்மத்திட்டுதான். ஒற்றை விழுங்கிய சொல் என்ன கலைச்சொல்?

ஐயா, ஒற்றைச் சேர்த்துவிட்டேன். எனக்கு உறுத்துவது திட்டு. நேற்று கரும்பலகையில் கொழுப்பை இரண்டடுக்காக வரைந்து, இடையிடையே புரதங்களைப் போட்டேன். “ஆத்துல மணல் திட்டு கணக்கா அது அங்கயேதான் நிக்குமா டீச்சர்?” என்றாள் ஒரு பெண். நிற்காதே! 1970இல் ஃபிரையும் எடிடினும் மனிதச் செல்லையும் சுண்டெலிச் செல்லையும் ஒன்றாக இணைத்தார்கள். முதலில் பாதிக்குப் பாதி பிரிந்து கிடந்த புரதங்கள், 37 டிகிரி செல்சியஸில் 40 நிமிடத்துக்குள் சவ்வு முழுக்கக் கலந்துவிட்டன. நன்றாகக் குளிர வைத்தால் அந்தக் கலப்பு நடக்கவில்லை. இந்த ஓட்டம்தான் பாடத்தின் உயிர். ‘மொசைக்’ என்றே விடலாம் என்றால், பிள்ளைகளுக்கு அது சிமெண்டில் இறுகிய வீட்டுத் தரை.

> எங்கட பக்கம் கலமென்சவ்வு எண்டுதான் படிச்சனாங்கள். வெறும் சவ்வு எண்டால் முழங்கால் நினைவுதான் வரும்.

உண்மைதான் அண்ணா. இங்கும் ‘மூட்டு ஜவ்வு கிழிஞ்சிடுச்சு’ என்பதுதான் பேச்சு. தடிமன் ஏழெட்டு நானோமீட்டர்தான் என்னும்போது ‘மென்’ அழகாகப் பொருந்துகிறது. ஆனால் இங்கே தேர்வு விடைக்குறிப்பில் ‘செல் சவ்வு’. பிள்ளைகளின் மதிப்பெண்ணோடு நான் விளையாட முடியாது. (கலமா செல்லா என்பதை இன்னொரு இழையில் பேசுவோம். கலம் என்றால் பாத்திரம்; ஹூக் 1665இல் தக்கையில் கண்டு ‘செல்’ என்றது அறையை, பாத்திரத்தை அல்ல.)

திட்டுக்கு மாற்றாக ஐயா சொன்ன ‘பாசிப்படலம்’ என்னை ஓரிரவு தூங்கவிடவில்லை. குறுந்தொகையில் பசலைக்கு உவமையான ஊருணிப் பாசி, தொட்ட இடத்தில் விலகும், விட்ட இடத்தில் பரவும். நுண்ணூசியால் குத்தி எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் சவ்வுக்கு இதைவிட நெருங்கிய உவமை எனக்குத் தெரியாது. ஆனாலும் உயிரியல் வகுப்பில் பாசி தனி உயிரி. குழப்பிவிடும்.

என் பரிந்துரை ‘மிதவைக்கோல மாதிரி’. இதுவரை எழுதியவர்களில் நால்வர் பழைய சொல்லே போதும் என்கிறீர்கள், இருவர் என் பக்கம். ஆகவே தலைப்பில் ‘பாய்மத்திட்டு’ என்றே விட்டு, விளக்கத்தில் ‘மிதக்கும் புரதங்கள்’ என்று எழுதுகிறேன்.

---

அம்மா,

மிதவை நீரின் மேலே கிடப்பது. சவ்வில் பல புரதங்கள் இரண்டு அடுக்கையும் துளைத்து, உள்ளும் வெளியும் தலை நீட்டி நிற்கின்றன. அயனி போக வர வழியே அவற்றின் ஊடாகத்தான். அவற்றை மிதவை என்றால் மாணவர் மேலே மட்டும்தான் வரைவார்கள். விளக்கத்தில் ‘ஊடுநின்று நகரும் புரதங்கள்’ என்று எழுதுங்கள். திட்டை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.