பத்தாவதோட கணக்கை விட்டுடலாமா, பிளஸ் டூ வரைக்கும் எல்லாருக்கும் கட்டாயம் ஆக்கணுமா?

நொய்யல்கரை:

வணக்கமுங்க. எங்க ஊர் அரசு மேல்நிலைப்பள்ளி மேலாண்மைக் குழுவுல இதை வெச்சுப் பெரிய விவாதம் நடக்குது. தேர்ட் குரூப்புல வணிகக் கணிதம் இல்லாத பிரிவு, பியூர் சயின்ஸ், தொழிற்கல்வியில சில பிரிவு, இதெல்லாம் எடுக்கிற பசங்களுக்குப் பத்தாவது பரீட்சையோட கணக்கு முடிஞ்சுபோகுது. பள்ளிக்கூடத்தை விட்டுப் போற வரைக்கும் கணக்கு இருந்தே ஆகணும்னு ஒரு பக்கம். கட்டாயம்னு சொன்னா பாதிப் பேர் பிளஸ் ஒன் பக்கமே வரமாட்டாங்கன்னு இன்னொரு பக்கம். இங்கிலாந்துல ரிஷி சுனக் பிரதமரா இருந்தப்ப, 2023 ஜனவரியில, 18 வயசு வரைக்கும் எல்லாரும் ஏதாவது ஒரு வடிவத்துல கணக்குப் படிக்கணும்னு சொன்னாரே, அதையும் எடுத்துப் பேசறாங்க.

கட்டாயம் வேணுமா? வேணும்னா எந்தக் கணக்கு, வாரத்துக்கு எத்தனை பீரியட், பரீட்சை உண்டா இல்லையா? பாடம் நடத்தறவங்க, தொழில்ல கணக்கைப் பயன்படுத்தறவங்க விவரமாச் சொல்லுங்க.

கோபி_கணக்காசிரியர்:

ஐயா, கணக்கு தொடர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இப்போதுள்ள பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தை எல்லார் கையிலும் கொடுப்பது தவறு. ஏன் என்பதைப் பத்தாம் வகுப்பு வினாத்தாளிலிருந்தே காட்டலாம்.

மொத்தம் 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் வினா 10, ஐந்து மதிப்பெண் வினா 10, கடைசியில் எட்டு மதிப்பெண் வினா இரண்டு. அந்த எட்டு மதிப்பெண் வினாக்களில் ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். தேர்ச்சிக்கு 35 போதும். சிரமப்படும் மாணவனுக்குப் பள்ளிகள் கொடுக்கும் பயிற்சி இதுதான்: வடிவியலும் வரைபடமும் தப்பாமல் போடு, 16. புத்தகத்துப் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்களில் பத்தைச் சரியாக எழுது, 26. தேல்ஸ், பிதாகரஸ், கோண இருசமவெட்டி ஆகிய தேற்றங்களை நிரூபணத்தோடு மனப்பாடம் செய், அதில் இரண்டு வந்தால் 36. பையன் தேறிவிடுவான். வாங்கிய கடனுக்கு எவ்வளவு வட்டி என்று கேட்டால் விழிப்பான்.

அது அவன் குற்றமில்லை. சதவீதம், லாப நட்டம், ஜிஎஸ்டி, கூட்டு வட்டி எல்லாம் எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம் என்ற ஒரே இயலில் வந்து போகின்றன. ஒன்பதிலும் பத்திலும் அவற்றுக்குத் தனி இயலே கிடையாது. பதின்மூன்று வயதில் படித்ததைச் சம்பளம் வாங்கும் வயதில் தேட வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தைப் பேசுகிறவர்கள் முழுவதையும் பேச வேண்டும். சுனக் சொன்னது நடைமுறைக்கு வரவில்லை. 2024 ஜூலையில் ஆட்சியே மாறிவிட்டது. ஆனால் அதற்கு வெகு முன்பே, 2014 முதல், 16 வயதுத் தேர்வில் கணிதத்தில் நல்ல தேர்ச்சி பெறாதவர்கள் தொடர்ந்து கணிதம் படிக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இருக்கிறது. பெரும்பாலோர் அதே தேர்வைத்தான் திரும்ப எழுதுகிறார்கள். 2024 ஆகஸ்டில் வந்த முடிவில், 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஐந்தில் ஒருவர்கூட தேவையான 4ஆம் தரத்தை எட்டவில்லை. பிடிபடாத பாடத்தையே மறுபடி மறுபடி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பனியன்_காஸ்டிங்:

கட்டாயம் வேணுமுங்க. திருப்பூர்ல டிகிரி முடிச்ச பசங்களே எங்க சறுக்கறாங்கன்னு ஒரு டி-சர்ட்டை வெச்சே சொல்லிடறேன்.

உடம்பு நீளம் 72 செ.மீ., கை நீளம் 22, தையல் மடிப்புக்கு 10, கூட்டினா 104. மார்பு அகலம் 54, அதோட 4 சேர்த்தா 58. முன்பக்கம் பின்பக்கம் ரெண்டு. துணி 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம். 104 × 58 × 2 × 180, அதைப் பத்தாயிரத்தால வகுத்தா ஒரு பீஸுக்கு 217 கிராம் சொச்சம். பத்தாயிரத்தால எதுக்கு வகுக்கறோம்னு கேட்டாப் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு சதுர மீட்டர்ங்கறது 10,000 சதுர செ.மீ., அவ்வளவுதான் விஷயம். அது புரியாதவன் அளவு இன்ச்சுல வந்தாலும் பத்தாயிரத்தாலயே வகுத்து வெச்சிருவான்.

இதுவாவது ஃபார்முலா, எழுதி ஒட்டி வெச்சுக்கலாம். வேஸ்டேஜ்லதான் காசு போகுது. கட்டிங்ல போடற துணியில 10% கழியும், டையிங்ல 8% எடை குறையும்னு வெச்சுக்குங்க. நம்ம பசங்க 217ஐ 1.10ஆல பெருக்கி, அதை 1.08ஆல பெருக்கி 258 கிராம்னு போடுவாங்க. தப்புங்க. கழிவு கணக்குப் போடறது உள்ள போற துணி மேல, வெளிய வர்ற துணி மேல இல்ல. 217ஐ 0.90ஆல வகுக்கணும், வர்றதை 0.92ஆல வகுக்கணும். 262 கிராம் வரும். நாலு கிராம்தானேன்னு தோணும். பத்தாயிரம் பீஸ் ஆர்டருக்கு அது கிட்டத்தட்ட 43 கிலோ துணி, அதாவது 160 பீஸுக்கு மேல குறையும். கடைசி நேரத்துல அதே ஷேடுல 43 கிலோ தனியாச் சாயம் போட்டா நிறம் ஒத்து வராது, அந்த லாட் செக்கிங்ல நின்னுரும்.

எதுல இத்தனை சதவீதம்னு கேக்கற பழக்கம் வந்துட்டாப் போதும். அதுக்கு வகை நுண்கணிதம் எதுக்குங்க?

பெருந்துறை_சாய_லேப்:

காஸ்டிங் அண்ணா சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க. 250 கிலோ துணி, 1:8 மெஷின், அதாவது கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணி. தண்ணி 2,000 லிட்டர். 2% ஷேடுக்குச் சாயம் 5 கிலோ, அது துணி எடை மேல. உப்பு லிட்டருக்கு 60 கிராம்னா 120 கிலோ, அது தண்ணி மேல. அதே துணியை 1:6 மெஷினுக்கு மாத்தினா தண்ணி 1,500 லிட்டர், உப்பு 90 கிலோ. சாயம் அதே 5 கிலோதான்.

ரெண்டு விதமாத் தப்பு நடக்கும். தண்ணியோட சேர்த்துச் சாயத்தையும் குறைச்சுட்டா ஷேடு வெளிறிப்போகும், மறுபடி போடணும். உப்பைக் குறைக்காம 120 கிலோவே கொட்டினா 30 கிலோ வீணாகி கழிவுநீர்ல சேரும். 2011ல சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பொறவு, சொட்டுக் கழிவும் வெளிய விடாம சுத்திகரிச்சு ஓட்டணும்கற நிலைமையில, அந்த உப்பைத் திரும்பப் பிரிச்செடுக்கற செலவும் நம்ம தலையிலதான். எது எதோட விகிதத்துல மாறும், எது மாறாதுங்கறதைப் பிளஸ் டூ பையனுக்கு ஒரு மாசத்துல புரிய வைக்கலாம்.

ஈரோடு_காமர்ஸ்_டீச்சர்:

நான் கட்டாயத்துக்கு எதிர். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பிளஸ் ஒன் மாணவிக்கு ஏற்கெனவே ஆறு பாடம், 600 மதிப்பெண். ஏழாவதாக ஒரு பாடத்தைத் திணித்தால் அதற்கான பீரியட் நூலகத்திலிருந்தும் விளையாட்டிலிருந்தும்தான் பிடுங்கப்படும். நடத்துவதற்கு ஆள் யார்? இருக்கிற கணித முதுநிலை ஆசிரியருக்கு முதல் குரூப் வகுப்புகளே முழுநேர வேலை. ஆள் இல்லாத பாடம் மாலை நேரச் சிறப்பு வகுப்பாகி, பஸ்ஸில் வரும் பிள்ளைகள்தான் அல்லாடுவார்கள்.

நோய் ஆறு முதல் எட்டு வகுப்பில் இருக்கிறது, மருந்தைப் பதினொன்றில் கொடுக்கச் சொல்கிறீர்கள். மூன்றாம் வகுப்புக்குள் எண்ணறிவு வர வேண்டும் என்று எண்ணும் எழுத்தும் திட்டத்தை 2022இல் தொடங்கியது சரியான திசை. பின்னமும் சதவீதமும் எட்டாம் வகுப்பு முடிவதற்குள் உறுதியாக வேண்டும். அங்கே ஆசிரியரும் நேரமும் கூடட்டும்.

காஸ்டிங் தம்பி சொல்கிற சதவீதத்தைக் கணக்குப்பதிவியலிலேயே சொல்லிக் கொடுக்க முடியும். தேய்மானம் நடத்தும்போது, நேர்கோட்டு முறையில் ஆரம்ப விலை மேல் சதவீதம், குறைந்து செல் மதிப்பு முறையில் மீதி மதிப்பு மேல் சதவீதம் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுகிறோம். கடனையும் அதே கையோடு காட்டலாம். ஒரு லட்சம் ரூபாய், 12% ஃபிளாட் (கட்டக் கட்டக் குறையாமல் கடைசி வரை முழுத் தொகை மேல் வட்டி), இரண்டு வருடம்: வட்டி 24,000, மாதத் தவணை 5,167. அதே 12% குறையும் நிலுவை மேல் என்றால் தவணை 4,707, மொத்த வட்டி 13,000க்குக் கொஞ்சம் குறைவு. ஃபிளாட் 12% என்பது உண்மையில் வருடத்துக்கு ஏறக்குறைய 21.5% வட்டி. தறி வாங்கவும் வண்டி வாங்கவும் கையெழுத்துப் போடும் குடும்பங்களுக்கு இதைவிட அவசரமான பாடம் இல்லை. அதற்குத் தனிப் பாடமும் தனிப் பரீட்சையும் தேவையில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

குரூப்_வழிகாட்டி:

கட்டாயமோ இல்லையோ, கணக்கை விடும்போது எந்தக் கதவு சாத்துகிறது என்று பத்தாவது முடிக்கும் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. அதுதான் என் கவலை.

தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங்கில் பி.இ. கட்ஆஃப் 200இல் கணிதம் மட்டும் 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100. பியூர் சயின்ஸ் எடுத்து, நீட் கைகூடாமல், பி.இ. பக்கம் திரும்பலாம் என்று நினைக்கிற பிள்ளைக்கு அந்த வழி அடைபட்டிருக்கும். பி.ஆர்க்கும் அப்படியே. சி.ஏ. சேர பிளஸ் டூவில் கணக்கு தேவையில்லை என்று நிம்மதியாக இருப்பார்கள். ஃபவுண்டேஷன் தேர்வின் மூன்றாம் தாள் வணிகக் கணிதம், தர்க்கம், புள்ளியியல் சேர்ந்து 100 மதிப்பெண், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும், ஒவ்வொரு தாளிலும் 40 எடுத்தே ஆக வேண்டும். இரண்டு வருடம் கணக்கைத் தொடாதவர்கள் தடுமாறுவது அந்தத் தாளில்தான். உளவியல் சேர்கிறவர்களுக்குப் புள்ளியியல் காத்திருக்கிறது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4இல் 200 கேள்வியில் 25 திறனறிவுக் கணக்கு. ஐடிஐயிலும் ஒர்க்‌ஷாப் கால்குலேஷன் உண்டு, பாலிடெக்னிக் முதல் வருடத்திலேயே இன்ஜினியரிங் மேத்ஸ் உண்டு. கணக்கிலிருந்து தப்பிக்க டிப்ளமோ போகிறேன் என்பவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

சிபிஎஸ்இயில் 2020-21 முதல் பதினொன்றாம் வகுப்பில் பயன்பாட்டுக் கணிதம் என்று ஒரு பாடம் விருப்பமாக இருக்கிறது. வணிகம் படிப்பவர்கள் எடுக்கிறார்கள். நம் பாடத்திட்டத்தில் அதற்கு ஓரளவு இணை வணிகக் கணிதமும் புள்ளியியலும். உங்கள் பள்ளியில் அந்தப் பிரிவு இல்லையென்றால் குழு முதலில் கேட்டு வாங்க வேண்டியது அதைத்தான்.

ஆனைமலை_தோப்பு:

பெரிய கணக்கு யாருக்கும் ஆகாதுங்கற மாதிரிப் பேச்சு போகுது, அதை ஒத்துக்க முடியாதுங்க. 25 அடி இடைவெளியில சதுரமாத் தென்னை வெச்சா ஏக்கருக்கு 43,560ஐ 625ஆல வகுத்து 70 மரம். அதே 25 அடியை முக்கோண நடவுல வெச்சா வரிசைக்கு வரிசை 21 அடி 8 அங்குலம் போதும், 80 மரம் நிக்கும். அந்த 21 அடி 8 அங்குலம் எங்கிருந்து வந்துது? 25ஐ சைன் 60ஆல பெருக்கினதுங்க. பத்தாவது முக்கோணவியல்தான். பாடத்துல இருக்குது, தோப்புல காட்டத்தான் ஆள் இல்ல.

நொய்யல்கரை:

எல்லாருக்கும் நன்றிங்க. டீச்சரம்மா சொன்ன பீரியட் பிரச்சனையும் உண்மை, காஸ்டிங் அண்ணன் சொன்ன 43 கிலோவும் உண்மை. கோபி சார், தனிப் பொதுத்தேர்வு இல்லாம, வாரத்துக்கு ரெண்டு பீரியட்ல ஏதாவது பண்ண முடியுமுங்களா? பண்ணினா, புரிஞ்சுதான்னு எப்படிப் பாக்கறது?

கோபி_கணக்காசிரியர்:

முடியும். வாரத்துக்கு இரண்டு என்றால், பரீட்சை நாள், விடுமுறை போக வருடத்துக்கு 60 பீரியட் தேறும். சதவீதமும் எதன் மேல் என்ற அடிப்படையும் 15, விகிதமும் அலகு மாற்றமும் 15, வட்டி, தவணை, சம்பளச் சீட்டு 15, அட்டவணை, வரைபடம், சராசரி, இடைநிலை 10, மீதி 5 தோராய மதிப்பிடலுக்கு. பிளஸ் ஒன்னில் மட்டும் வைத்தால் போதும், பிளஸ் டூவைத் தொட வேண்டாம். காமர்ஸ் மேடம் வட்டிப் பகுதியை எடுத்துக்கொண்டால் கணித ஆசிரியர் மேல் சுமை குறையும். சம்பளச் சீட்டுக்கு உள்ளூர்க் கம்பெனிச் சீட்டு ஒன்றைப் பெயர் மறைத்து வாங்குங்கள். பி.எஃப். 12% எதன் மேல், இஎஸ்ஐ 0.75% எதன் மேல் என்று பிள்ளைகளே தேடட்டும்.

கால்குலேட்டரை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். பெருக்கல் வராத வெட்கத்தில்தான் பாதிப் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. ஆனால் பொத்தானைத் தட்டும் முன் விடை சுமாராக எவ்வளவு வரும் என்று தாளில் எழுதியிருக்க வேண்டும். 217ஐ 0.9ஆல் வகுத்தால் 217ஐவிடக் கூடுமா குறையுமா என்று சொல்லத் தெரியாதவருக்குக் கால்குலேட்டர் உதவாது.

சோதனைக்குப் பத்துக் கேள்வி, 40 நிமிடம், ஜூன் மாதம் ஒரு முறை, பிப்ரவரியில் எண்களை மட்டும் மாற்றி இன்னொரு முறை. மதிப்பெண்ணைப் பலகையில் ஒட்ட வேண்டாம். முதல் கேள்வி இப்படி இருக்கட்டும்: 800 ரூபாய்ச் சேலையை 20% விலை ஏற்றி, பிறகு 20% தள்ளுபடி கொடுத்தால் என்ன விலை? 800 என்று எழுதுகிறவர்களை எண்ணிக்கொள்ளுங்கள், சரியான விடை 768. ஜூனில் அப்படி எழுதியவர்கள் எத்தனை பேர், பிப்ரவரியில் எத்தனை பேர் என்ற இரண்டு எண்ணையும் குழுக் கூட்டத்தில் வையுங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த வருடம் தொடர்வதா வேண்டாமா என்று பேசலாம்.