துணிகர மூலதனமா, முனைவுமுதலா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

புதிய தொழில்களில் உடைமைப் பங்கு பெற்றுக்கொண்டு இடப்படும் பணமான 'வென்ச்சர் கேப்பிட்டல்' என்பதற்கு நாளிதழ்களில் வழங்கும் 'துணிகர மூலதனம்' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று சென்ற மடலில் கேட்கப்பட்டது. அதே நாளிதழ்களில் 'துணிகரம்' வேறெங்கு வருகிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்: பட்டப்பகலில் பூட்டை உடைத்துத் துணிகரக் கொள்ளை. பிறர் பணத்தைக் கையாளும் ஒரு நிறுவனத்துக்கு இந்த அடைமொழி வேண்டாமே.

சொல்லின் வாடையைப் பொறுத்துக்கொண்டாலும் பொருள் பொருந்தவில்லை. இத்தகைய நிறுவனம் இடும் பணத்தில் பெரும்பகுதி அதன் சொந்தப் பணம் அன்று. ஓய்வூதிய நிதியங்களும் பல்கலைக்கழக அறக்கட்டளைகளும் செல்வக் குடும்பங்களும் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒப்படைக்கும் தொகையை அது தொடக்கநிலைப் புத்தொழில்களில் பிரித்து இடுகிறது. அந்த வேலைக்காக ஆண்டுக்கு 2 விழுக்காடு கட்டணமும், இட்ட முதல் திரும்பியபின் எஞ்சும் இலாபத்தில் 20 விழுக்காடும் பெறுவது நெடுநாள் வழக்கம். இட்ட தொழில்களுள் பல மூழ்கினாலும் கட்டணம் வந்துகொண்டே இருக்கும். வேலையை விட்டுவிட்டு வந்து தொழில் தொடங்கியவரின் துணிவை எடுத்து, கட்டணம் வாங்குபவருக்குச் சூட்டுவது முறையாகுமா?

'இடர் மூலதனம்' இதைவிட நேர்மையான சொல். ஆயினும் இடர் இதற்கு மட்டும் உரியதன்று. கடன் தரும் வங்கிக்கும் இடர் உண்டு, இடரை ஏற்பதே காப்பீட்டின் தொழில். பேரிடர் மேலாண்மை என்னும் தொடர் பரவிவிட்ட இந்நாளில், 'இடர் நிதி' என்றால் வெள்ள நிவாரணம் என்றே பலர் எண்ணுவர். இம்மூலதனத்தின் தனித்தன்மை வேறு: வட்டி இல்லை, ஈடு இல்லை, தவணை இல்லை, தொழில் மூழ்கினால் இட்டவர் முதலை இழப்பார், ஓங்கினால் உடைமையில் தமக்குள்ள பங்கின் மதிப்பைப் பெறுவார்.

1946இல் பாஸ்டனில் தோன்றிய அமெரிக்கன் ரிசர்ச் அண்டு டெவலப்மெண்ட் என்னும் முன்னோடி முதலீட்டு நிறுவனத்தை இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் கற்பித்துவந்த ஜார்ஜ் டோரியோ அதை நடத்தினார். 1957இல் கென் ஓல்சனும் ஹார்லன் ஆண்டர்சனும் பழைய கம்பளி ஆலை ஒன்றில் தொடங்கிய டிஜிட்டல் எக்விப்மெண்ட் என்னும் கணினி நிறுவனத்தில் டோரியோவின் நிறுவனம் 70,000 டாலர் இட்டு, சுமார் 70 விழுக்காடு உடைமையைப் பெற்றது. 1968 வாக்கில் அப்பங்கின் மதிப்பு 35 கோடி டாலரைத் தாண்டியது. அதே 70,000 டாலரைக் கடனாகக் கொடுத்திருந்தால் வட்டி மட்டுமே வந்திருக்கும். பெருக்கியது இட்டவரின் துணிகரம் அன்று, அந்த ஆலைக்குள் நடந்த முனைப்பு. ஆகவே பெயரும் அதிலிருந்தே வரவேண்டும் என்பது என் கருத்து.

என் முன்மொழிவு 'முனைவுமுதல்'. தொழில்முனைவோர் என்னும் சொல் ஏற்கெனவே ஊன்றிவிட்டதால் இதற்குத் தனி விளக்கம் தேவைப்படாது. முனைவுமுதல் நிறுவனம், முனைவுமுதல் நிதியம், முனைவுமுதலாளர் என்று கிளைக்கவும் செய்யும். இந்தியப் பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் வாரியமான செபி 1996இல் இவற்றுக்கெனத் தனி ஒழுங்குமுறை வகுத்து, 2012இல் மாற்று முதலீட்டு நிதியங்கள் என்னும் பெரும்பிரிவுக்குள் கொண்டுவந்தது. அந்தப் பிரிவின் உட்கிளைப் பெயராகவும் இது இடறாமல் நிற்கிறது. முனைவர் பட்ட உதவித்தொகையோ என்று ஒருவர் மயங்கலாம் என்பதை ஒப்புகிறேன். 'முனைவு முதல்' என்று பிரித்தெழுதினால் 'முதல்' வேற்றுமைச் சொல்லுருபு போலத் தோன்றும், சேர்த்தே எழுதவேண்டும்.

தொடக்க முதலீட்டுக்கு 'விதை நிதி' ஊன்றிவிட்டது, அதைத் தொடவேண்டாம்.

நிறுவனத்துக்குச் சேரும் அந்த 20 விழுக்காட்டுக்குத்தான் நல்ல சொல் இல்லை. நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, விட்ட காலத்தில் உடையவர் பங்கு மேல்வாரம், உழுதவர் பங்கு குடிவாரம். பணம் இன்னொருவருடையது, பாடு தம்முடையது, விளைந்தால் பங்கு என்னும் ஏற்பாடு இங்கும் அதுவே என்பதால் 'குடிவாரம்' எனலாம் என்று நினைக்கிறேன். இதே வழியில் மூலதனத்தையே 'வாரமுதல்' என்று அழைக்கவும் முயன்று பார்த்தேன்; வீட்டில் சொன்னபோது திங்கட்கிழமையா என்று கேட்டார்கள், கைவிட்டேன். குத்தகைக் கொடுமைகளின் கசப்பு குடிவாரத்தில் இன்னும் ஒட்டியிருக்கிறது, மேலும் கோடிகளில் புரளும் நிதி மேலாளரை உழுகுடியோடு ஒப்பிடுவது பொறுக்காது என்று எவரேனும் மறுத்தால், 'இலாபவாரம்' என்று வைத்துக்கொள்ள எனக்குத் தடையில்லை.