வியன்னாவிலிருந்து: நிக்கி லவுடாவை வழியனுப்பிவிட்டு வந்தேன்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

ஆஸ்திரியாவின் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய ஓட்டுநர் நிக்கி லவுடா இறந்த செய்தியைச் சென்ற வாரம் நம் ஊர்க் குழுவில் போட்டதிலிருந்து வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். தோகாவில் இருக்கும் மாப்பிள்ளை, சென்னைக்குப் பக்கத்துச் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பனை ஓலைப் பந்தலுக்கு அடியில் நின்று கார்ப் பந்தயம் பார்த்த கதையை எழுதியதும், சிட்னி அத்தை அதற்குப் பதில் போட்டதும் மனத்துக்கு மிகவும் இதமாக இருந்தன. இளையவர்களில் ஒரு தம்பி மட்டும், “கார் ஓட்டியவரைப் பேராலயத்தில் வைத்து மரியாதை செய்கிறார்களாமே, அப்படி என்ன செய்துவிட்டார்?” என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நேற்று காலை அங்கே போய் நின்றுவிட்டு வந்தவன் என்ற உரிமையில் நானே பதில் எழுதுகிறேன்.

நேற்று புதன்கிழமை, 2019 மே 29. பணிமனையில் விடுப்புச் சொல்லிவிட்டு ஸ்டீபன் பேராலயத்துக்குப் போனேன். காலை எட்டு மணியிலிருந்து பகல் பன்னிரண்டு வரை பொதுமக்கள் அஞ்சலி செலுத்தலாம் என்று அறிவித்திருந்தார்கள். பந்தய ஓட்டுநர் ஒருவரின் உடல் அந்தப் பேராலயத்தில் வைக்கப்படுவது இதுவே முதல் முறை. வரிசையில் எனக்கு முன்னால் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். தலையில் வெயிலில் வெளுத்து ரோஜா நிறமாகிவிட்ட சிவப்புத் தொப்பி. வாசற்படி வந்ததும் தொப்பியைக் கழற்றி, இரண்டாக மடித்து, இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நம் ஊர்க் கோயில் வாசலில் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்களே, அப்படி. திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னாலும் ஒவ்வொருவராகச் சிவப்புத் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே பெட்டி மூடியிருந்தது. அதன்மேல் அவருடைய சிவப்புத் தலைக்கவசம். பந்தய உடையிலேயே அவரை அடக்கம் செய்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை, வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. பிற்பகல் திருப்பலிக்கு பந்தய ஓட்டுநர்கள் லூயிஸ் ஹாமில்டன், அலென் புரோஸ்ட், ஜாக்கி ஸ்டூவர்ட், நடிகர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் என்று பலர் வந்தார்கள். அதைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன்.

அந்தத் தொப்பியிலிருந்து தொடங்கினால்தான் தம்பிக்குச் சரியான பதில் சொல்ல முடியும்.

1976 ஆகஸ்ட் 1. ஜெர்மனியின் நூர்பர்கிரிங் தடம். ஒரு சுற்றே 22.8 கிலோமீட்டர். நம் ஊரிலிருந்து சென்ட்ரல் வரை போகிற தூரத்தைக் காட்டுக்குள் வளைத்து வளைத்துப் போட்டதுபோல இருக்கும். அவ்வளவு நீளத்துக்கும் தீயணைப்பு ஆட்களையும் ஆம்புலன்ஸையும் நிறுத்த முடியாது, இங்கே ஓட்ட வேண்டாம் என்று லவுடா முன்கூட்டியே சொன்னார். மற்ற ஓட்டுநர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு அதே தடத்தை ஏழு நிமிடத்துக்குள் முதன்முதலில் சுற்றி வந்தவர் அவர். அதனால் பயந்துபோய்ச் சொன்னார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பந்தயத்தின் இரண்டாம் சுற்றில் அவருடைய ஃபெராரி கார் மேட்டில் மோதித் தீப்பிடித்தது. தலைக்கவசம் கழன்றுவிட்டது. ஓடி வந்து அவரை இழுத்து வெளியே போட்டவர்கள் சக ஓட்டுநர்கள்தான்: மெர்சாரியோ, எர்ட்ல், எட்வர்ட்ஸ், லங்கர். மருத்துவமனையில் பாதிரியார் வந்து இறுதிச் சடங்குக்கான மந்திரமும் சொல்லிவிட்டார். வலது காதின் பெரும்பகுதி போய்விட்டது. புருவம் இல்லை. நெற்றியும் தலையும் வெந்துபோயின. நுரையீரலுக்குள் நச்சுப்புகை.

சரியாக ஆறு வாரம் கழித்து, செப்டம்பர் 12 அன்று, இத்தாலியில் மோன்சா பந்தயத்தில் காரில் உட்கார்ந்தார். நான்காவதாக வந்தார். கவசத்தைக் கழற்றியபோது கட்டுத்துணியில் ரத்தம் ஊறியிருந்தது. முதல் நாள் காரில் ஏறியபோது பயத்தில் உறைந்துபோனதாக அவரே பின்னாளில் சொன்னார். எனக்கு அவர் நான்காவதாக வந்ததைவிட அதை மறைக்காமல் சொன்னதுதான் பெரிது.

இமைகள் மூடித் திறக்க வேண்டுமே என்பதற்காக மட்டும் அறுவை செய்துகொண்டார். முகத்தை அழகாக்கிக்கொள்ள வேண்டும் என்று அவர் கவலைப்படவே இல்லை. தலைக்கு அந்தச் சிவப்புத் தொப்பி. பிறகு நாற்பது ஆண்டுக்கு மேல், எந்தக் கூட்டமானாலும் எந்தக் கேமராவானாலும், அந்த முகத்தோடும் அந்தத் தொப்பியோடும் போய் உட்கார்ந்தார்.

இனி நம் ஊர்க் கதை. மூத்தவர்கள் பலருக்குத் தெரியும், இளையவர்களுக்காக எழுதுகிறேன். 1984ஆம் ஆண்டு ஆனி மாதம், செங்குன்றம் அரிசி ஆலையிலிருந்து பாரம் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட லாரி தீப்பிடித்ததில் என் பெரியப்பா வெந்துபோனார். இரண்டு மாதத்துக்கு மேல் சென்னையில் மருத்துவமனையில் கிடந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் முகத்தின் வலப்பக்கம் வேறு ஆளுடையதுபோல ஆகிவிட்டது. லாரிச் சொந்தக்காரர் பக்கமிருந்து ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, தலையையும் காதையும் சேர்த்து மூடித் துண்டைச் சுற்றிக்கொள்வார். சாப்பிடும்போதும் எடுக்க மாட்டார். திருவிழாவுக்கு வரவில்லை. திண்ணையில் உட்காருவதையும் விட்டுவிட்டார். பெரியம்மா பின்கட்டில் தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

அந்தத் தீபாவளியை ஒட்டித்தான் லவுடா மூன்றாவது முறை உலக சாம்பியன் ஆனார். போர்ச்சுகலில் எஸ்டோரில் பந்தயம், அக்டோபர் 21. பதினோராம் இடத்திலிருந்து கிளம்பி இரண்டாவதாக வந்தார். ஆண்டு முழுவதும் சேர்த்த புள்ளிகளில் புரோஸ்ட்டைவிட அரைப் புள்ளி அதிகம், 72க்கு 71.5. அரைப் புள்ளியில் உலகப் பட்டம்! அதற்குள் ஒருமுறை ஓய்வு பெற்று, இரண்டு ஆண்டு விலகியிருந்து, 1982இல் திரும்பி வந்தவர். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பழைய பேப்பர் கடையில் பொறுக்கிய ஓர் ஆங்கில விளையாட்டு இதழை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். லவுடாவின் முகம் பக்கவாட்டில் பெரிதாகத் தெரியும் படம் அதில் இருந்தது.

பெரியப்பா அந்தப் பக்கத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு விரல் நுனியால் படத்திலிருந்த காதைத் தொட்டுப் பார்த்தார்.

“இவனுக்கும் வண்டியில்தானா?”

“ஆமாம் பெரியப்பா. தீப்பிடித்துவிட்டது.”

“இன்னும் ஓட்டுகிறானா?”

“இந்த ஆண்டு உலகத்திலேயே முதலாவதாக வந்தது இவர்தான்.”

ஒன்றும் பேசவில்லை. இதழைத் திருப்பித் தரவும் இல்லை. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அடுத்த பிப்ரவரியில் சோழவரத்தில் பந்தயம் நடந்தபோது, “நானும் வருகிறேன், சைக்கிளை எடு” என்றார். கேரியரில் உட்கார்ந்து வந்தார். துண்டு இருந்தது, ஆனால் தோளில். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நாள் முழுவதும் அந்தப் புழுதியில் நின்றார். தை மாத அறுவடைக்குப் பிறகு நம் ஊரே அந்த ஓடுதளத்தில் கூடும் என்பதால், பார்க்காதவர் ஒருவரும் மிச்சமில்லை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதிலில் முதல் பாதி இது. இரண்டாம் பாதி 1991.

நான் வியன்னா வந்து சேர்ந்தது அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில். ஊர் முழுக்க அந்த விமான விபத்துப் பேச்சு. லவுடா நடத்திய லவுடா ஏர் நிறுவனத்தின் போயிங் 767, மே 26 அன்று பாங்காக்கிலிருந்து வியன்னாவுக்குக் கிளம்பி, மேலேறிக்கொண்டிருந்தபோதே தாய்லாந்துக் காட்டில் விழுந்தது. 223 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. தரையிறங்கிய பிறகு வேகத்தைக் குறைப்பதற்காக இன்ஜின் விசையை முன்பக்கமாகத் திருப்பிவிடும் அமைப்பு ஒன்று உண்டு. அது இடப்பக்க இன்ஜினில் நடுவானில் தானாகத் திறந்துகொண்டது.

அவர் அலுவலகத்தில் உட்கார்ந்து வருத்தம் தெரிவித்து முடித்துக்கொள்ளவில்லை. அந்தக் காட்டுக்கே போனார். அடையாளம் தெரியாதவர்களின் அடக்கத்தில் நின்றார். அவரே விமானி என்பதால், விமானப் பயிற்சிப் பொறியில் உட்கார்ந்து, அந்த நிலையில் விமானத்தைக் காப்பாற்ற முடியுமா என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். முடியவில்லை. காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்லப்பட்டபோது, அப்படியானால் நானே உண்மையான விமானத்தில் ஏறி அதைச் செய்துபார்க்கிறேன் என்று விமானத்தைக் கட்டிய போயிங் நிறுவனத்திடம் நேரே போய்ச் சொன்னார். அதன் பிறகுதான், தப்பு விமானிகளுடையது அல்ல என்பது வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்த வகை விமானங்களில் கூடுதல் பூட்டும் பொருத்தப்பட்டது.

இதைக் கேட்ட அன்று எனக்குப் பெரியப்பா கிடந்த வார்டுதான் கண்முன் வந்தது. எட்டிப்பார்க்க ஓர் ஆள் வராத அந்த இரண்டு மாதம். தன் வண்டியில் ஏறியவர்களுக்காகக் கடைசிவரை போய் நின்ற மனிதரை அன்றிலிருந்துதான் முழுமையாக நேசிக்கத் தொடங்கினேன். மூன்று பட்டம், 25 வெற்றி எல்லாம் எனக்கு அதற்கு அப்புறம்தான்.

மற்றவற்றை மாப்பிள்ளை ஏற்கெனவே எழுதிவிட்டார், ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 1976 கடைசிப் பந்தயம், ஜப்பானில் கொட்டும் மழையில். அந்த ஆண்டின் உலகப் பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டு சுற்றோடு காரை ஓரங்கட்டி இறங்கிவிட்டார். இன்ஜின் கோளாறு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அணியினர் முன்வந்தார்கள். வேண்டாம் என்றார். போட்டி ஓட்டுநர் ஜேம்ஸ் ஹன்ட்டிடம் ஒரே புள்ளியில் பட்டம் போனது. அதற்காக அவரைக் கோழை என்று எழுதிய பத்திரிகைகளை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

போன ஞாயிறு மொனாக்கோ பந்தயம். ஓட்டுநர்கள் சிவப்புத் தொப்பியோடு நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். ஹாமில்டன் லவுடாவின் வண்ணத்தில் தலைக்கவசம் அணிந்து ஓட்டி, தேய்ந்துபோன டயரோடு போராடி வென்றார். ஹாமில்டனை மெர்சிடிஸ் பந்தய அணிக்கு வரச்சொல்லிப் பேசியவர்களில் லவுடாவும் ஒருவர். அன்றைய தேதியும் மே 26. அந்த விமானம் விழுந்த நாள். வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி எழுந்துபோய் விளக்கேற்றி வைத்தாள்.

பெரியப்பா 2003இல் போய்விட்டார். பெரியம்மா வீட்டை இடித்துக் கட்டியபோது அந்த இதழ் எங்கே போனதென்று தெரியவில்லை. அதனால் உங்கள் அனைவரிடமும் ஒரு வேண்டுகோள். எண்பதுகளில் சோழவரத்தில் பந்தயம் பார்க்கப் போனபோது எடுத்த படம் யாரிடமாவது இருந்தால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும், எடுத்துப் பார்த்து அனுப்பி வையுங்கள். கார் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வேலி ஓரத்துக் கூட்டம் விழுந்திருந்தால் போதும். தோளில் பச்சைக் கரை போட்ட துண்டோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து நிற்பார்.

அன்புடன்,
வியன்னாவிலிருந்து உங்கள் ஊர்க்காரன்