பிஆர்கே (கண்ணு பவர் போக பண்ற லேசர் ஆபரேஷன்) பண்ணியாச்சு, வலி தாங்கல, மரத்துப்போற டிராப்ஸ் விடலாமா?

கண்ணாடிக்காரன்:
முந்தாநேத்து ரெண்டு கண்ணுக்கும் பிஆர்கே பண்ணாங்க, கார்னியா (கருவிழி) மெல்லிசா இருக்கு, லேசிக்ங்கற இன்னொரு லேசர் முறை சரிவராதுன்னுட்டாங்க. அன்னைக்கு ஒண்ணும் தெரியல, நேத்து ராத்திரியிலேருந்து கண்ணுக்குள்ள மண்ண அள்ளிப்போட்ட மாதிரி உறுத்தல், தண்ணியா கொட்டுது, லைட்டு பக்கம் திரும்பவே முடியல. மாக்ஸிஃப்ளாக்சசின் (ஆன்டிபயாடிக்), லோட்டிப்ரெட்னால் (ஸ்டீராய்டு), நெபாஃபெனாக், கூட கண்ணு காயாம இருக்க ஒரு லூப்ரிகன்ட், இந்த டிராப்ஸெல்லாம் விட்டுட்டுதான் இருக்கேன். ஆபரேஷனுக்கு முன்னாடி கண்ணு மரத்துப்போக ப்ரோபராகெயின்னு ஒண்ணு விட்டாங்களே, அத மெடிக்கல்ல வாங்கி தூங்கப்போறப்ப மட்டும் விட்டுக்கலாமா? அம்மா வேற விளக்கெண்ணெய் விடுன்னு நிக்கிறாங்க.

கோவை செல்வி:
ஐயோ வேணாங்க! கருவிழி மேல்தோல எடுத்துட்டுதான் லேசர் அடிச்சிருப்பாங்க, அது திரும்ப வளந்து மூடறவரைக்கும்தான் இந்த வலி. மரக்கவைக்கிற மருந்து அந்த தோல் வளர்றதையே கெடுக்கும். அந்த மருந்தோட வேகம் கால்மணி இருபது நிமிஷத்துல போயிடும், திரும்ப விடத்தோணும், அப்படியே விட்டுட்டே இருந்து கருவிழி கரைஞ்சு பார்வைக்கே மோசமானவங்க இருக்காங்க. அம்மாகிட்ட எண்ணெய உள்ளங்கால்ல தேச்சுக்கறேன்னு சொல்லி சமாளிங்க, கண்ணுக்குள்ள ஒரு சொட்டு கூட போகக்கூடாது.

பவர் மைனஸ்6:
உங்க லிஸ்ட்ல வலிக்குன்னு இருக்கறது நெபாஃபெனாக்தான், ஆனா வலிக்குதேன்னு கூட ரெண்டு தடவ விட்டுறாதீங்க, அதுவும் ஓவராப்போனா புண்ணு ஆற லேட்டாகும். அதையும் லோட்டிப்ரெட்னாலையும் நல்லா குலுக்கிட்டு விடணும், மருந்து அடியில தங்கிடும். ஒரு டிராப்ஸுக்கும் அடுத்ததுக்கும் 5 நிமிஷம் விடுங்க, இல்லன்னா முன்னாடி விட்டத பின்னாடி விட்டது கழுவிடும். எனக்கு நிஜமா உதவினது ஃபிரிட்ஜ்ல வச்ச லூப்ரிகன்ட்தான், ஜில்லுனு உள்ள போறப்ப அப்பாடான்னு இருக்கும், பிரிசர்வேட்டிவ் இல்லாததான்னு மட்டும் பாத்துக்குங்க. மாத்திரை எதுவும் எழுதித்தரலன்னா ஃபோன் போட்டு கேளுங்க, கூச்சமே வேணாம். ஆமா, பேண்டேஜ் லென்ஸ் (புண்ணு ஆறறவரைக்கும் கருவிழி மேல வைக்கிற காண்டாக்ட் லென்ஸ்) ரெண்டும் இருக்கா?

கண்ணாடிக்காரன்:
இருக்குன்னுதான் நெனைக்கிறேன் ப்ரோ, ஆனா வலது கண்ணு மட்டும் ரொம்ப குத்துது.

பவர் மைனஸ்6:
அப்போ விடிஞ்சதும் போய் காட்டிருங்க. லென்ஸ் நகந்திருந்தா, கழண்டிருந்தா வலி ஒரேயடியா ஏறும். விழுந்தத எடுத்து நீங்களே மாட்டாதீங்க, இன்ஃபெக்ஷன் ஆயிடும். பொதுவா மூணு நாலு நாள்ல வலி இறங்கணும், அதுக்கப்புறமும் ஏறிட்டே போனா, சீழ் மாதிரி வந்தா, கருவிழில வெள்ளையா புள்ளி தெரிஞ்சா விடியறவரைக்கும் கூட காத்திருக்காதீங்க.

கண்ணாடிக்காரன்:
போயிட்டு வந்தேன், வலது லென்ஸ் ஓரம் மடிஞ்சிருந்துச்சாம், புதுசு வச்சு வலி மாத்திரையும் குடுத்தாங்க. இப்ப பரவால்ல. இத தங்கச்சிதான் டைப் பண்றா, நான் கண்ண மூடிட்டு சொல்லிட்டிருக்கேன்.